மண்மேட்டில் ஏறிய மெழுகு மனிதர்கள்

1. கை நீட்டி நின்றவர்

டோரின் முதல்முறை எங்கள் பட்டறைக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மார்ச் மாதம். வெளியே பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. அவர் பூட்ஸை வாசலில் நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். மேசையில் இருந்த டையோராமாவை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். பிறகு மேட்டின் உச்சியில் கையை நீட்டிக்கொண்டு நின்ற உருவத்தைக் காட்டி, "இவர் ஆர்?" என்று கேட்டார்.

அவர் கேட்டது ஆங்கிலத்தில்தான். அன்று ஆங்கிலத்தில் பேசியவர்களின் பேச்சையும் நான் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். அப்படி எழுதினால்தான் அவர்களின் குரல் எனக்குக் கேட்கிறது.

பட்டறை கனடாவில், ரொறன்ரோவை ஒட்டிய ஸ்காபுரோவில் இருந்தது. ஒரு பக்கம் கார் பெயின்ற் அடிக்கும் கடை, மறுபக்கம் பாண் பேக்கரி. நாங்கள் மியூசியங்களுக்கும் பார்வையாளர் நிலையங்களுக்கும் காட்சிப் பொருட்கள் செய்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள் காடும் ஆறும் ஆட்களுமாக ஒரு காட்சியைச் சின்னதாகச் செய்து வைத்தால் அதற்குத்தான் டையோராமா என்று பெயர். முதலாளி பிராங்க், இத்தாலியிலிருந்து வந்த ஒரு கொத்தனாரின் மகன். மரவேலையும் நிலம் அமைக்கிற வேலையும் சிவபாதம் அண்ணைக்கு. உருவங்கள் என்னுடைய பொறுப்பு. நான் யாழ்ப்பாணத்தில் பல் கட்டும் லாப்பில் வேலை செய்தவள். மெழுகில் பல் வரிசை செதுக்கி, பிளாஸ்ரரில் அச்செடுத்துப் பழகிய கை. நேர்முகத்துக்குப் போனபோது பிராங்க் ஒரு மெழுகுத் துண்டைத் தந்து காது ஒன்று செய்யச் சொன்னார். செய்து கொடுத்தேன். அடுத்த கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

இந்த டையோராமா, ரொறன்ரோவிலிருந்து கிழக்கே இரண்டு மணித்தியாலம் கார் ஓடினால் வரும் ஓர் ஏரிக்கரைக்கானது. அங்கே பழைய மண்மேடுகள் இருக்கின்றன. ஏறக்குறைய இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னர் கட்டப்பட்டவை. கட்டியவர்கள் வயல் செய்தவர்கள் அல்ல. மான் வேட்டையாடி, மீனும் சிப்பியும் பிடித்து, காட்டில் விளைவதைச் சேர்த்துச் சாப்பிட்டு வாழ்ந்தவர்கள். குளிர்காலத்தில் சின்னச் சின்னக் குடும்பங்களாகக் காட்டுக்குள் பிரிந்து போய்விடுவார்கள். பனி உருகியதும் ஏரிக்கரையில் கூடுவார்கள். அப்படிக் கூடும் காலத்தில் தங்களில் இறந்தவர்களை அங்கே அடக்கம் செய்து, கூடை கூடையாக மண் சுமந்து மேலே போட்டார்கள். வண்டி இல்லை, மாடு இல்லை, அரசனும் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் போட்ட மண்தான் மேடாகியது.

அவற்றைத் தங்கள் முன்னோரின் இடம் என்று காத்துவருகிற பூர்வகுடிக் கிராமம் ஒன்று பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கிராமத்தவர்கள் பார்வையாளர் நிலையம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். டோரின் அங்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டும் பெண்மணி, நிலையத்தின் கமிட்டியிலும் ஒருவர். கமிட்டி கையெழுத்துப் போடாமல் பெட்டி எங்கள் வாசலைத் தாண்டாது.

வரைபடம் வேறோர் ஆள் வரைந்தது. மேட்டை நோக்கி ஒரு வரிசை, ஒவ்வொருவர் முதுகிலும் கூடை, உச்சியில் தோல் போர்வை போர்த்த ஒருவர் கையை நீட்டி இடம் காட்டுகிறார். நான் ஆறு விதமான மாதிரி உருவம் செய்து, சிலிக்கோனில் மோல்ட் என்கிற அச்செடுத்து, ரெசின் ஊற்றி நூற்றுக்கு மேல் வார்த்திருந்தேன். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் உயரம். பெயின்ற் அடிப்பது மட்டும்தான் பாக்கி.

"மண்ணை எங்க கொட்டுறது எண்டு ஆராவது சொல்லத்தானே வேணும்" என்றார் பிராங்க்.

டோரின் அந்த நீட்டிய கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிராங்க் நிலைமையைப் புரிந்துகொண்டு, அவரை எடுத்துவிடலாம், அதில் ஒரு கஷ்டமும் இல்லை என்றார். சிவபாதம் அண்ணை குறடு ஒன்றை எடுத்து அந்த உருவத்தைக் காலோடு முறித்து எடுத்தார். டோரின் குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து வரிசையைப் பார்த்தார்.

"ஆளை எடுத்திட்டியள். ஆனா இவையள் இன்னும் அவர் உச்சியில நிக்கிற மாதிரித்தான் நடக்கினம்."

கமிட்டி இதற்குச் சம்மதிக்காது என்று சொல்லிவிட்டு, எங்களோடு கைகுலுக்கிவிட்டுப் போனார். கோபமாகப் போகவில்லை. அதுதான் எங்களுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

2. றோஸ் நிற மெழுகு

அந்த வருடங்களில் அரசாங்கம் மியூசியங்களுக்குக் கொடுக்கும் பணத்தை வெட்டிக்கொண்டே வந்தது. எங்களிடம் வேறு வேலையென்று இருந்தது ஒரு வங்கிக்குச் செய்கிற கட்டட மொடல் மட்டும்தான். டையோராமா வேலை கைவிட்டுப் போனால் இரண்டு மூன்று பேர் வீட்டுக்குப் போகவேண்டி வரும். நிலையம் ஜூனில் திறக்கிறது. பிராங்க் வரிசையைக் கொஞ்சம் கலைத்து, சிலரை மற்றப் பக்கம் திருப்பி ஒட்டிப் பார்ப்போம் என்றார்.

நான் ஓர் உருவத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கழுத்துக் குனிந்திருந்தது. கண் முன்னால் போகிறவரின் குதிக்காலைப் பார்த்தது. தோள் இரண்டும் காதுக்கு அருகில் ஏறியிருந்தன. பாரத்தால் வருகிற குனிவு இது இல்லை. அடி விழுமோ என்று நடக்கிறவர்களின் குனிவு. வரைபடத்தில் இவ்வளவு விபரம் கிடையாது. கழுத்தை அப்படிச் செய்தது என் கைதான். அது எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரிந்தது. ஊரைவிட்டு வெளிக்கிட முன்னர் இராணுவச் சோதனைச் சாவடிகளில் நாங்கள் அப்படித்தான் வரிசையாக நடந்தோம். என் கைக்குத் தெரிந்த வரிசை அதுதான்.

"பிராங்க், நான் திரும்பச் செய்யிறன். எல்லாரையும்" என்றேன்.

"எத்தினை மோல்ட்?"

"மோல்ட் இல்லை. ஒவ்வொரு ஆளும் தனித்தனி."

அவர் சிரித்தார். பிறகு நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு நிறுத்தினார். நான் விளக்கினேன். பல் கட்டும்போது இரண்டு வாய்க்கு ஒரே பல் வரிசை செய்வதில்லை. மெழுகில் செதுக்கியதைப் பிளாஸ்ரருக்குள் புதைத்து, சுடுதண்ணீரில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் அக்ரிலிக் நிரப்பி, கடைசியில் பிளாஸ்ரரை உடைத்து எடுப்போம். ஓர் அச்சுக்கு ஒன்றுதான். ஆட்களையும் அப்படிச் செய்யலாம். பிராங்க் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், வங்கி வேலை ஒரு நாளும் பிந்தக்கூடாது, மே நடுப்பகுதிக்குள் மெழுகு உருவங்களைக் காட்டவேண்டும், இல்லாவிட்டால் பழையதைக் கலைத்து ஒட்டுவேன் என்றார். எனக்கு அது போதும்.

சிவபாதம் அண்ணைக்கு நான் செய்வது பிடிக்கவில்லை. "உனக்கேன் பிள்ளை உந்த வேலை? படத்தில இருக்கிறதைச் செய்து குடுத்தாச் சரிதானே. பிழையெண்டா வரைஞ்சவன் பாக்கட்டும்" என்றார். ஆனாலும் மறுநாள் எனக்கு மட்டுமென்று ஒரு சின்ன மேசையை யன்னல் ஓரத்தில் செய்து வைத்திருந்தார்.

பல் லாப்புகளுக்குச் சாமான் விற்கிற கடையில் மெழுகுத் தகடு வாங்கினேன். அந்த மெழுகு பல் முரசின், அதாவது ஈறின், நிறம், றோஸ். கம்பியில் எலும்புக்கூடு வளைத்து, மேலே மெழுகு பூசிச் செதுக்க வேண்டும். முதல் இருபது பேரைச் சந்தோசமாக இருப்பவர்களாகச் செய்தேன். பார்த்தால் பிக்னிக் போகிறவர்கள் மாதிரி இருந்தது. கூடைக்குள் மண் இருப்பதாக ஒருவரும் நம்பமாட்டார்கள். உருக்கினேன். அடுத்த இருபது பேரை நிமிர்ந்து நடப்பவர்களாகச் செய்தேன். அவர்கள் இராணுவ அணிவகுப்பு மாதிரி வந்தார்கள். அவர்களையும் உருக்கினேன். ஏப்ரலில் பாதி போய்விட்டது. பிராங்க் என் மேசையைக் கடந்து போகும்போதெல்லாம் மெழுகுச் சட்டியை எட்டிப் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டையும் மேசையிலேயே வைத்துச் சாப்பிட்டேன். விடுவதாக இல்லை.

3. அஜக்ஸ் வீடு

நான் குடியிருந்த அப்பாட்மென்ற் கட்டடத்தில் பத்தாம் மாடியில் வசந்தி குடும்பம் இருந்தது. அவர்கள் நகருக்கு வெளியே அஜக்ஸில் வீடு வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஒரு சனிக்கிழமை எல்லோரும் சாமான் ஏற்றப் போனோம். அந்தக் காலத்தில் காசு கொடுத்து ஆள் பிடிப்பது எங்கள் ஆட்களிடம் இல்லை. இன்ன நாள் வீடு மாறுகிறோம் என்று ஒருவரிடம் சொன்னால் போதும். ஒருவர் வான் வண்டியோடு வருவார், ஒருவர் கயிறோடு வருவார், இரண்டு பேர் ஒன்றும் இல்லாமல் வந்து கடைசிவரை நிற்பார்கள்.

லிஃப்ற் ஒன்றை எங்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். அது பதினொரு மணிபோல நின்றுவிட்டது. மற்றதில் கட்டடத்துச் சனம் போய்வர வேண்டும். ஆகவே படியால் இறக்கத் தொடங்கினார்கள். வசந்தியின் கணவரின் மாமா கனகு அங்கிள், யார் எதைத் தூக்க வேண்டும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் "ஓம் அங்கிள், ஓம் அங்கிள்" என்றுகொண்டு தங்கள் எண்ணப்படி தூக்கினார்கள். சாமான் ஒழுங்காகத்தான் இறங்கியது.

நான் குசினிப் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஏழாம் மாடித் திருப்பத்தில் இளைப்பாற நின்றேன். அங்கே நின்றுதான் கண்டேன். சிவபாதம் அண்ணை சலவை மெசினின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினார். அவருடைய முகம் மேலே இருந்தது, மறுபக்கம் பிடிப்பவரின் கண்ணைப் பார்த்தபடி. அரிசி மூட்டையைத் தோளில் வைத்திருந்த ஒருவர் நடுப்படியில் நின்று, மூட்டையை இறக்காமலே, எதிரே வந்தவரோடு யாருக்கோ கலியாணம் பேசுவதைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நின்றார். இரண்டு பெண்கள் ஒரு ரைஸ் குக்கரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்கு ஒரு கை போதும். அவர்களுக்குக் கதைக்க வேண்டியிருந்தது. திரும்பி ஏறுகிறவர்களின் கை வெறுமையாகி, தோள் தளர்ந்து, நடை மாறியிருந்தது. ஒருவர் தூக்க முடியாததைத் தூக்கிக்கொண்டு வீரம் காட்டினார். அவரைப் பார்த்து இன்னொருவர் சுவரில் சாய்ந்து சிரித்தார்.

எல்லோருக்கும் பாரம் இருந்தது. பலர் குனிந்துதான் இருந்தார்கள். ஆனால் அந்தக் கழுத்துகள் வேறு. பாரத்தோடு இருந்தும் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

பாத்திரப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பெட்டிகளில் பெயர் எழுத வைத்திருந்த மார்க்கரை எடுத்தேன். ஒரு காட்போட் பெட்டியைப் பிரித்து விரித்து வரையத் தொடங்கினேன். வசந்தி கண்டுவிட்டு, "இஞ்ச பாருங்கோ, நாங்கள் தூக்கிறம், ரஞ்சி படம் கீறுறா" என்றாள். சொல்லிவிட்டு இன்னொரு பெட்டியையும் பிரித்துத் தந்தாள். அஜக்ஸில் சாமான் இறக்கும்போதும் வரைந்தேன். திங்கட்கிழமை காலை அந்தக் காட்போட் துண்டுகளை என் மேசைக்கு மேலே சுவரில் அடித்து வைத்தேன். பிராங்க் வந்து நீண்ட நேரம் பார்த்தார். அவருடைய தகப்பனின் ஆட்கள் சர்ச் மண்டபம் ஒன்றைத் தாங்களாகவே சேர்ந்து கட்டினார்களாம், சனிக்கிழமைகளில். அதில் ஒருவர் எப்போதும் ஏணியில் சாய்ந்துகொண்டு மற்றவர்களுக்குப் பிழை சொல்லிக்கொண்டே நிற்பாராம். அவரையும் போடு என்றார். போட்டேன்.

மே நடுப்பகுதிக்கு இரண்டு நாள் முன்னர் அத்தனை பேரும் மெழுகில் தயாராக இருந்தார்கள். ஒருவரைப் போல ஒருவர் இல்லை. சிவபாதம் அண்ணை குனிந்து பார்த்துவிட்டு, மறுபக்கம் பிடிப்பவரைப் பார்த்தபடி கூடை தூக்கும் ஒருவரைக் காட்டி, "இது நான் எல்லே?" என்று மட்டும் கேட்டார். அன்று மத்தியானம் மேட்டின் சரிவை இன்னொருமுறை தேய்த்துச் சரிப்படுத்தினார்.

4. டோரின் சொன்னது

டோரின் வரும் நாள் நெருங்க எனக்கு ஒரு பயம் பிடித்தது. முதலில் சோதனைச் சாவடியை அவர்களுடைய முன்னோர் மேல் போட்டேன். இப்போது அஜக்ஸ் வீட்டைப் போட்டிருக்கிறேன். இரண்டும் என்னுடையதுதானே. மறைக்காமல் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் வந்ததும் சுவரில் இருந்த காட்போட்டைக் காட்டி, யார் யாரைப் பார்த்து இதைச் செய்தேன் என்று முழுவதும் சொன்னேன். பிராங்க் எனக்குப் பின்னால் நின்று செருமினார்.

டோரின் கேட்டுக்கொண்டே உருவங்களைப் பார்த்தார். ரைஸ் குக்கர் பெண்கள் இருவரும் இப்போது ஒரு மரப்பட்டைக் கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. இது தன் மச்சாளும் அவளுடைய தங்கையும் என்றார். பிறகு நிமிர்ந்தார்.

"நல்லாயிருக்கு. இவையை எனக்குத் தெரியும். ஆனா ரஞ்சி, இது வீடு மாறுறேல்லை. இது செத்த வீடு."

அவர் மேட்டின் உச்சியைக் காட்டினார். கீழே நடக்கும்போது சிரிக்கலாம், சண்டை பிடிக்கலாம், செத்த வீட்டில் எல்லாம் நடக்கும். ஆனால் மேலே போய் மண்ணைக் கொட்டுகிற இடத்தில் யாரைப் புதைக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும் என்றார். இரண்டு விடயங்களைக் கமிட்டியின் பேரில் கேட்டார். இறந்தவரைக் காட்டக்கூடாது. உச்சியில் நிற்பவர்களின் முகத்தையும் பார்க்கிறவர்களுக்குக் காட்டக்கூடாது. எத்தனை நாளில் முடியும் என்று கேட்டார். ஒரு கிழமை தாருங்கள் என்றேன். பிராங்கைப் பார்க்காமலே சொன்னேன்.

முகம் இல்லாமல், சுண்டுவிரல் உயரத்தில், முதுகை மட்டும் வைத்துத் துக்கத்தைக் காட்டுவது எப்படி? இதற்கு எனக்கு யாரையும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்னர் ஊரில் என் அப்பா இறந்தபோது எனக்குத் தொலைபேசியில்தான் செய்தி வந்தது. போக வழியில்லை. சண்டையால் பாதை பூட்டியிருந்தது. அன்று பின்னேரம் எங்கள் அப்பாட்மென்றுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். யாரும் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. ஒருவர் பால், ஒருவர் சோறு, ஒருவர் மடிக்கிற கதிரைகள். கொண்டுவந்ததைக் குசினியில் வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு கணம் நின்றார்கள். ஒவ்வொருவரும் அப்படி நின்றார்கள். எனக்கு அந்த முதுகுகள் நினைவிருந்தன.

உச்சியில் ஏழு பேரைச் செய்தேன். எல்லோரும் பார்ப்பவர்களுக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள். ஒருவர் கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார். மற்றவர்களின் கூடை வெறுமையாகிவிட்டது. ஆனால் இறங்கத் தொடங்கவில்லை. கூடை ஒரு விரலில் தொங்குகிறது, உடம்பின் பாரம் ஒரு காலில் நிற்கிறது. ஒரு பெண் பக்கத்தில் நிற்பவரின் முழங்கையைத் தொட்டுக்கொண்டிருக்கிறாள். அதைச் செதுக்கும்போது எனக்குக் கண் கலங்கி மெழுகுக் கத்தியைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. சிவபாதம் அண்ணை ஒன்றும் கேட்காமல் ரீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

டோரின் மூன்றாம் முறை வந்தபோது கமிட்டியில் இன்னும் இருவரைக் கூட்டிவந்தார். அவர்கள் உச்சியில் நின்றவர்களைப் பார்த்தார்கள். தங்கள் மொழியில் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். டோரின் என் பக்கம் திரும்பி, "இப்ப சரி" என்றார். அவ்வளவுதான். பிராங்க் அப்போதே பேனாவை எடுத்து நீட்டினார்.

பிறகு இரவு பகலாகப் பிளாஸ்ரர், சுடுதண்ணீர், அக்ரிலிக். அவ்வளவு பிளாஸ்ரர் உடைத்த தூசு பக்கத்து பேக்கரிவரை போய், அவர்கள் வந்து சத்தம் போட்டார்கள். பெயின்ற் காய்ந்தும் காயாமலும் பெட்டியை ஏற்றினோம்.

5. ஏரிக்கரை

பெட்டியைப் பொருத்த பிராங்க், சிவபாதம் அண்ணை, நான் மூவரும் போனோம். கண்ணாடி போட்டு விளக்கைச் சரிப்படுத்தி முடிய, டோரின் எங்களை மேட்டுக்குக் கூட்டிப்போனார். இத்தனை மாதம் அதைச் செய்தும் நான் நேரில் கண்டதில்லை. ஓக் மரங்களுக்கு நடுவே புல் மூடிய ஒரு நீண்ட சரிவு. கீழே ஏரி. நான் நினைத்ததைவிட உயரம் குறைந்து பதிவாக இருந்தது. ஆனால் கரையிலிருந்து அந்த இடம்வரை ஏறி வந்த தூரத்தைத் திரும்பிப் பார்த்தபோது, ஒரு கூடை மண்ணோடு அதை ஏறுவது எப்படியிருக்கும் என்று கால் சொன்னது.

டோரின் மேலே ஏறவில்லை. சுற்றிவரும் பாதையில்தான் நடந்தார். அடியில் ஓரிடத்தில் நின்று சட்டைப் பையிலிருந்து கொஞ்சம் புகையிலை எடுத்து, படைப்பதுபோலப் புல்லில் வைத்தார். எங்களுக்கு விளக்கம் சொல்லவில்லை, எங்களைச் செய்யச் சொல்லவும் இல்லை. சிவபாதம் அண்ணை தன் சப்பாத்தைக் கழற்றினார். நானும் கழற்றினேன். பிராங்க் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, குனிந்து தன் வேலைப் பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். புல் ஈரமாக, ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது.

"கால் விறைக்கும். போடுங்கோ" என்றார் டோரின். அவர் தன்னுடையதைக் கழற்றவில்லை. நாங்கள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுப் போட்டுக்கொண்டோம்.

அதன் பிறகு பட்டறையில் பிராங்க் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். எந்த வேலையென்றாலும், யாருடைய கதையோ அவர்கள் மெழுகு நிலையிலேயே வந்து பார்க்க வேண்டும். வரைபடத்துக்குக் கையெழுத்து வாங்கியது போதாது. சில வாடிக்கையாளர்கள் இது வீண் நேரம் என்றார்கள். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நான் ஓய்வு பெறும்வரை அது நடந்தது.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் கம்பியூட்டரில் உருவம் செய்து மெசினில் அச்செடுக்கிறார்கள். நல்லது, முதுகு நோகாது. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் கைக்கு ஏற்கெனவே தெரிந்த மனிதர் ஒருவர் இருப்பார், கேட்காமலே வந்து நிற்பார். அவரை நம்பி வார்த்துவிடாதீர்கள். உரியவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர்கள் பிழை என்று சொன்னால், உருக்கிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள்.